நடுக் கண்ணாடி

ஜனவரி 9

தங்கச்சிக்கு,

இந்தப் பெட்டியில் கேமரா இருக்கிறது. அதே பழைய இரட்டைக் கண் கேமராதான். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் ஃபிலிமில் எடுப்பதற்கு. உனக்குத் தெரியாததை எழுதுகிறேன் பார். பேனாவை எடுத்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். என் மகள் அலமாரியின் மேல்தட்டைக் குடையும்போது இது அகப்பட்டது. கல்லூரிக்கு எடுத்துப் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். உள்ளே எல்லாம் பால் ஊற்றியதுபோல மங்கிக் கிடக்கிறது. இங்கே மூன்று கடைகளில் காட்டினோம். இரண்டு பேர் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாமவர், "மைக்ராஸ்கோப் சர்வீஸ் பண்றவங்க யாராவது தெரிஞ்சா குடுங்கம்மா. அவங்க கைதான் இதுக்குச் சரி" என்றார். உடனே அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் உன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. ஆனாலும் சித்தி ஒருத்தி இருக்கிறாள், ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்புகளைப் பிரித்து மாட்டுகிற வேலை அவளுக்கு என்பது குட்டிக்குத் தெரியும்.

முன் வளையத்தில் ஒரு கீறல் இருக்கும். அது உன் கைபட்டு வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள், முன்பே உள்ளதுதான். எங்கேயோ இடித்திருப்பேன். அந்த நாட்களில் என் கையை நம்ப முடியாது.

எனக்காகச் செய்யவேண்டாம், குட்டிக்காகச் செய். மங்கலை எடுத்துவிட்டு அனுப்பினால் போதும். கடிதம் எதுவும் வைக்கவேண்டியதில்லை.

அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். பெட்டி வந்து சேர்ந்தது என்றாவது சொல்லவேண்டாமா? சேர்ந்தது. அத்தானின் ஸ்வெட்டரைச் சுற்றி அனுப்பியிருக்கிறாய், அதையும் துவைத்து அனுப்புகிறேன். பதினோரு வருடம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும் பெட்டியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று விடுமுறை. ஜன்னலோர மேஜையில் வெள்ளை ரப்பர் விரிப்பை விரித்து, திருகுகளைப் போட்டு வைக்க முட்டை அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் குழியில் முதல் திருகு, இரண்டாவது குழியில் இரண்டாவது. எந்த வரிசையில் கழற்றினேனோ அதற்கு நேர்மாறாகத் திரும்பப் போடவேண்டும். எங்கள் வேலையில் பாதி இதுதான், மீதி மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது.

மேல் மூடியைக் கழற்றினால் பிம்பம் விழுகிற தேய்த்த கண்ணாடித் திரை வருகிறது, அதற்குக் கீழே சாய்வாக முகம் பார்க்கும் கண்ணாடி. இதன் வெள்ளிப் பூச்சு மேல்பக்கத்திலேயே இருப்பதால் துணியால் ஒரு தடவை அழுத்தித் துடைத்தால் பூச்சு கையோடு வந்துவிடும். காற்றடித்து, மெல்லிய தூரிகையால் தடவி விட்டுவிட்டேன். திரையை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். கறுத்த தண்ணீர் வந்தது.

பிறகு மேல் லென்ஸ். டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் பூஞ்சை, நடுவில் பழைய கிரீஸ் ஆவியாகிப் படிந்த மங்கல். லென்ஸ் துடைக்கிற காகிதத்தில் ஸ்பிரிட் இரண்டு சொட்டு விட்டு, நடுவில் தொடங்கி வெளியே சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஒரு காகிதம் ஒரு தடவைதான். பதினான்கு காகிதம் ஆயிற்று. இப்போது மேலே இருந்து பார்த்தால் எதிர்வீட்டு மாடியில் காயும் துணியின் கிளிப்புகூடத் தெரிகிறது.

கீழ் லென்ஸை இன்னும் தொடவில்லை. அதற்கென்ன அவசரம்.

அக்கா, அன்று எல்லோர் முன்னாலும் நான் சொன்னதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமலே இத்தனை வருடம் போய்விட்டது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் இந்த ஒரு வரியை அடித்துவிட்டு மீதியைப் படி.

தங்கச்சி


ஜனவரி 25

சின்னவளுக்கு,

அடிக்கவில்லை. படித்தேன்.

நீ எடுத்த பேச்சு என்பதால் நானும் சொல்லிவிடுகிறேன். அம்மாவைக் கடைசியாக அனுப்பிவிட்டு வந்த அன்று கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். சுவரில் மாட்ட அம்மாவின் படம் கேட்டார்கள். படம் என்றாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள். கடைசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே, "வாடி, இன்னைக்கு எடுத்துக்கோ" என்று ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தாள். பன்னிரண்டு படம் எடுத்தேன். பன்னிரண்டும் கலங்கிப்போய் வந்தன. அவற்றில் தேறிய ஒன்றைத்தான் அன்று எடுத்து வைத்தேன். நீ அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊரான் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் பளிச்சுன்னு எடுத்தே. பெத்தவளை ஒரு படம் ஒழுங்கா எடுக்கத் துப்பில்லை" என்றாய். எல்லோரும் கேட்டார்கள். பெரியப்பா மட்டும் இருமினார்.

அன்றைக்கு உன் மேல் வந்த கோபம் வேறு. இப்போது யோசித்தால், நீ பொய் சொல்லவில்லை. திரையில் அம்மா முகம் அத்தனை தெளிவாக இருந்தது. நான்தான் பார்த்துப் பார்த்து ஃபோகஸ் வைத்தேன். ஃபிலிமில் இல்லை என்றால் நடுவில் அசைந்தது யார்? என் கைதான். வெளிச்சம் குறைவு, ஷட்டர் மெதுவாக விழும், அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்து தூக்கமில்லாத உடம்பு. அதற்கு அடுத்த மாதமே ஒரு கல்யாண வேலைக்குப் போனேன். கல்யாணங்களுக்கு எடுத்துப்போகிற சின்னக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் உன் குரல் கேட்டது. கை நிஜமாகவே நடுங்கியது. மணமேடையில் நின்றவர்கள் சிரித்துச் சிரித்து வாய் வலித்துக் காத்திருந்தார்கள். என்னால் அழுத்த முடியவில்லை. அத்தோடு படமெடுப்பதை விட்டுவிட்டேன், என் ஸ்டுடியோக் கடையும் இரண்டு வருடத்தில் மூடிப்போயிற்று.

இப்போது பள்ளிக்கூட ஆபீசில் சான்றிதழ் தட்டச்சு செய்கிறேன். யாரோ எடுத்த படங்களைக் கத்தரித்து விண்ணப்பத்தில் ஒட்டுகிறேன். வேலை மோசமில்லை. ஹெட்மாஸ்டருக்கு மட்டும் வாய் நீளம்.

உண்மையைச் சொன்னவளிடம் இத்தனை வருடம் முகம் கொடுக்காமல் இருந்தது என் தப்பு. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

கீழ் லென்ஸைத் திறந்தாயா? குட்டி தினமும் நச்சரிக்கிறாள்.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

கீழ் லென்ஸைத் திறந்திருக்கிறேன். இன்னும் பத்து நாள் ஆகும். ஆபீசில் வேலை தலைக்குமேல் இருக்கிறது. குட்டியைப் பொறுக்கச் சொல்.

தங்கச்சி


பிப்ரவரி 10

சின்னவளுக்கு,

நான்கு வரி எழுதியிருக்கிறாய். போன கடிதத்தில் நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? அன்றைய கதையையெல்லாம் கிளறியிருக்க வேண்டாமோ என்று இவரிடம் கேட்டேன். "நீ ஆரம்பிச்சா நிறுத்தமாட்டே, அவ பயந்திருப்பா" என்கிறார்.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உண்மையாகவே என் மனம் இப்போது லேசாக இருக்கிறது. தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டபிறகு நிம்மதியாகத் தூங்குகிறேன். லென்ஸ் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே அனுப்பு. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தாயிற்று. எதையும் மழுப்பாமல் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

உன் கேமராவை நான் திறப்பது இது இரண்டாவது தடவை.

அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம், நீயும் அத்தானும் மூன்று நாள் வெளியூர்க் கல்யாணத்துக்குச் சின்னக் கேமராவோடு போயிருந்தீர்கள். நான் அம்மாவுக்குத் துணையாக உன் வீட்டில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். மைக்ராஸ்கோப்பின் கண் வைக்கிற பக்கத்தை மட்டும் துடைக்க விடுவார்கள். அதற்கே உலகத்தில் உள்ள லென்ஸையெல்லாம் அறிந்தவள் என்ற நினைப்பு எனக்கு. அம்மா என்னிடம், "அக்கா வந்ததும் ஒரு படம் எடுத்துக்கச் சொல்லப்போறேன்டி, பாவம் ரொம்ப நாளாக் கேக்கறா" என்றாள். உன் கேமராவில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் லென்ஸில் லேசாக மங்கல் இருந்தது. நீ வருவதற்குள் சுத்தம் செய்து வைத்தால் அம்மா படம் நன்றாக வரும் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லாமல் செய்து, நீயாகவே கண்டுபிடித்து ஆச்சரியப்படவேண்டும் என்றும் நினைத்தேன்.

அந்த வளையத்தைத் திருகுவதற்கு இரண்டு முனை உள்ள கருவி வேண்டும். என்னிடம் இல்லை. உன் மேஜையில் இருந்த ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து இரண்டு முள் உள்ள டிவைடரை எடுத்தேன். அது வழுக்கிக் கீறியது. அந்தக் கீறல் நான் போட்டது, அக்கா. நீ எங்கேயும் இடிக்கவில்லை.

கீழ் லென்ஸ் என்பது மூன்று கண்ணாடி. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, ஷட்டருக்குப் பின்னால் ஒன்று. நடுவில் உள்ளது இரண்டு பக்கமும் குழிந்திருக்கும். பார்த்தால் இரண்டும் ஒரே குழிவுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒரு பக்கம் கூடுதல். அந்தப் பக்கம் ஃபிலிமைப் பார்த்து உட்காரவேண்டும். கழற்றும் முன்னால் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் முதல் பாடம். எனக்கு அது அப்போது தெரியாது. துடைத்து முடித்ததும் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு துளி மங்கல் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்தேன். ரசித்த பிறகு எந்தப் பக்கம் மேலே என்று தெரியவில்லை. எப்படி வைத்தாலும் உட்கார்ந்தது. வைத்து மூடிவிட்டேன்.

அது தலைகீழாகப் போயிருக்கிறது. முப்பதாம் தேதி நான் திறந்தபோது ட்யூப்லைட்டின் பிம்பத்தை இரண்டு பக்கத்திலும் பார்த்தேன். சின்னப் பிம்பம் விழுகிற, குழிவு கூடிய பக்கம் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஃபிலிம் இருக்கும் இடத்தில் ட்ரேசிங் பேப்பரை ஒட்டி, ஷட்டரைத் திறந்தே வைத்துப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நடுவில் கலங்கி, ஓரங்களில் சுற்றி இழுத்ததுபோலத் தெரிந்தது. அம்மா படத்தில் காதுப் பக்கம் எப்படி இருக்குமோ அதேபோல. மேல் லென்ஸை நான் அன்று தொடவில்லை, அதனால் உனக்குத் திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கும். நீ வைத்த ஃபோகஸ் சரி. உன் கை அசையவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு இத்தனை பயம் இல்லை. கூடத்தில் உன்னை அப்படிப் பேசியபோது எனக்கு இது சத்தியமாகத் தெரியாது. ஆனால் இரண்டு வருடம் கழித்துக் கம்பெனியில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வாத்தியார் ஒரு கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, "நடுக் கண்ணாடியைத் திருப்பிப் போட்டா மாட்டிக்கும், ஆனா படம் குட்டிச்சுவர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு உன் கேமராவை நினைத்தேன். அன்று எழுந்து உனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். நாமிருவரும் பேசுவதில்லையே என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். நான் சரியாகத்தான் வைத்திருப்பேன் என்றும் சொல்லிக்கொண்டேன். கேட்டால் பதில் வந்துவிடும் என்றே கேட்கவில்லை. ஒன்பது வருடம்.

இப்போதும்கூட, சத்தம் போடாமல் திருப்பிப் போட்டு அனுப்பிவிடலாம் என்று இரண்டு வாரம் நினைத்தேன். உனக்குத் தெரியவே தெரியாது. நீ என்னோடு பேசத் தொடங்கியிருந்தாய், அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று எழுதினாய் பார், அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை.

கண்ணாடியைச் சரியாக வைக்க இரண்டு நிமிடம் போதும். அம்மாவை உட்காரவைத்து இன்னொரு படம் எடுக்க வழியில்லை. அதை நான் எப்படிச் சரிசெய்வேன்?

கண்ணாடியை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் தொடமாட்டேன்.

தங்கச்சி


மார்ச் 1

சரியாகப் போடு. அனுப்பு.


மார்ச் 8

அக்காவுக்கு,

போட்டேன், அனுப்பியிருக்கிறேன். மூன்று கண்ணாடிகளையும் துடைத்து, விளிம்பில் பென்சில் கோடு போட்டு வைத்தேன். இனி யார் திறந்தாலும் தெரியும். தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் சரிபார்த்துவிட்டேன், தண்ணீர்த் தொட்டியின் ஏணிப் படிகளை எண்ண முடிகிறது. கூடவே இரண்டு ரோல் ஃபிலிம் வைத்திருக்கிறேன். ஒன்று குட்டிக்கு. இன்னொன்றை நீ என்ன செய்தாலும் சரி, குப்பையில் போட்டாலும் சரி.

கீறிய வளையத்துக்குப் பதில் வேறு வளையம் கிடைத்தது. மாற்றவில்லை. உன்னைக் கேட்கவில்லையே.

நீ எழுதாவிட்டால் நான் காரணம் கேட்கமாட்டேன்.

தங்கச்சி


ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

உன் பெட்டி வந்து பதினெட்டு நாள் பிரிக்கவில்லை. குட்டி இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் எரிந்து விழுந்தேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. அப்பாவும் மகளும் வீட்டில் ஓசைப்படாமல் நடந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். நீ சொன்னதை நம்பாமல்தான் பிரித்தேன். என்னைச் சமாதானம் செய்ய நீயாக ஒரு கதை கட்டியிருப்பாய் என்றுகூட நினைத்தேன். ஒரு ரோலைப் போட்டு, அன்று வைத்த அதே ஷட்டர் வேகத்தை வைத்துக்கொண்டு, ஸ்டாண்டு இல்லாமல் கையிலேயே பிடித்து எடுத்தேன். ஜன்னல் பக்கம் குட்டியை உட்காரவைத்து நான்கு, பேப்பர் படிக்கிற இவரை மூன்று, மீதியை வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம். எடுக்கும்போது கை நடுங்கத்தான் செய்தது. மூச்சை விட்டுவிட்டு, அது அடங்கும்வரை நின்று, அப்புறம் அழுத்தினேன்.

குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, நானே கழுவினேன். மருந்து கலக்கும் அளவு கைக்கு மறக்கவில்லை. ஃபிலிம் காய்ந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குட்டியின் இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கிறது. இவர் காலையில் சவரம் செய்யாமல் ஏமாற்றியது தெரிகிறது. பன்னிரண்டும் பளிச்சென்று இருக்கின்றன.

நான் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இவர் வந்து கதவைத் தட்டி, "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. பதினோரு வருஷமா எனக்கு ஒண்ணுமே ஆகலை" என்றேன்.

அவர் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ கண்ணாடியைத் திருப்பி வைத்ததற்கு எனக்குக் கோபமில்லை. அம்மா படம் நன்றாக வரவேண்டும் என்று செய்தாய், அந்த வயதில் நானும் செய்திருப்பேன். கூடத்தில் பேசியதற்கும் கோபம் தீர்ந்துவிட்டது. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாயே, என் கேமராவை நினைத்தேன் என்றாயே, அன்று சாயங்காலம் நீ ஒரு போன் செய்திருந்தால் நான் தட்டச்சு வேலைக்குப் போயிருக்கமாட்டேன். என் கடை வாசலில் இன்னும் என் போர்டு இருந்திருக்கும். என்னை நானே கையாலாகாதவள் என்று நினைத்துக்கொண்டு, ஒன்பது வருடம் அடுத்தவன் எடுத்த படத்தின் ஓரத்தைக் கத்தரித்திருக்கிறேன். தப்பு என் கையில் இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் இருந்தாய். இதை என்னால் விழுங்க முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நம் இருவருக்கும் நடுவில் அது இனிமேல் வேண்டாம்.

ஹெட்மாஸ்டரிடம் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன், இந்த வருடம் பத்தாம் வகுப்புக் குழுப் படம் வெளியாளுக்குப் போகவேண்டாம், நானே எடுக்கிறேன் என்று. "உங்களுக்கு எடுக்கத் தெரியுமா?" என்று மேலும் கீழும் பார்த்தார். "தெரியும் சார்" என்றேன்.

உன்னைத் திட்டி நான்கு கடிதம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் எதுவும் திட்டின மாதிரியே இல்லை. எதிரில் உன் மூஞ்சி இருந்தால்தான் எனக்கு வார்த்தை வரும். இருபதாம் தேதி உனக்கு லீவு போட முடியுமா என்று பார். பஸ் ஸ்டாண்டுக்கு இவர் வருவார். நான் வரமாட்டேன், ரோட்டில் வைத்துக் கத்த எனக்குப் பிடிக்காது. வீட்டுக்குள் வந்தபிறகு கத்துவேன், நீ பதில் பேசாமல் கேட்கவேண்டும். ஒரே நாளில் முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரத்துக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வா.

அக்கா